பித்துப் பூனை தந்த பெருமகன்

ஒரு பூனை, ஒரு எலி, ஒரு நாய், ஒரு செங்கல். கதை இவ்வளவுதான். இந்த நான்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முப்பது ஆண்டுக்கு மேல் நாளேட்டிலே படக்கதை வரைந்தார் என்றால் நம்புவீர்களா, தோழர்களே? வரைந்தவர் 1944 ஆம் ஆண்டிலே கண்ணை மூடினார். எண்பது ஆண்டு உருண்டோடிவிட்டது. பூனை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது!

நாளேட்டின் ஆயுள் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். காலையிலே கையிலே தவழும். மாலையிலே கடலை மடிக்கப் போகும். தலையங்கம் தீட்டியவர் பெயரே அடுத்த திங்கள் நினைவில் நிற்பதில்லை. அப்படிப்பட்ட தாளின் அடியிலே, இடம் மிச்சமாகக் கிடக்கிறதே என்று கிறுக்கப்பட்ட ஒரு பூனை, அந்தத் தாளை நடத்திய கோடீசுவரர் மறைந்த பிறகும் மறையாமல் நிற்பானேன்? விடை அந்தப் பூனையைப் பெற்றவரின் வாழ்விலே இருக்கிறது. சிரிக்க வைத்தவரின் வாழ்வுதான்; ஆனால் சிரித்துவிட்டுப் போகக்கூடிய வாழ்வல்ல.

அமெரிக்க ஏடுகளில் வெளிவந்த அந்தப் படக்கதையின் பெயர் கிரேசி கேட். நம் மொழியிலே சொன்னால் பித்துப் பூனை. வரைந்தவர் ஜார்ஜ் ஹெரிமன்.

பூனை எலியைத் துரத்தும். இது ஊரறிந்த வழக்கு. ஹெரிமனின் பூனையோ எலியைக் காதலித்தது! இக்னாட்ஸ் என்பது எலியின் பெயர். அந்த எலிக்குப் பூனையைக் கண்டாலே எரிச்சல். செங்கல்லை எடுக்கும், குறி பார்க்கும், பூனையின் மண்டையிலே வீசும். அடிபட்ட பூனை அழுததா? ஆத்திரங்கொண்டதா? இல்லை. அன்பன் அனுப்பிய அன்பளிப்பு என்று எண்ணி அகமகிழ்ந்தது! பப் என்று ஒரு நாய். அந்த ஊர்க் காவல்துறை அதிகாரி. அதற்குப் பூனைமேல் கொள்ளை அன்பு. பூனையை அடித்த எலியைப் பிடித்துச் சிறையிலே தள்ளும். எலி வெளியே வரும், செங்கற்சூளைக்காரரிடம் புதுக் கல் வாங்கும், மீண்டும் வீசும். பூனை ஆணா பெண்ணா என்பதற்கும் ஹெரிமன் முடிவான பதில் தரவில்லை. ஒரு நாள் அவன், ஒரு நாள் அவள்.

இந்த நாடகம் நடக்கும் இடமும் விந்தையான இடம். அரிசோனா மாநிலத்திலே கோக்கோனினோ என்ற பகுதி உண்மையாகவே உண்டு. செம்மண் பாலை, மேசை போன்ற தட்டை மலைகள், தூண்போல் தனித்து நிற்கும் பாறைகள். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு ஹெரிமன் தமக்கென ஓர் உலகம் சமைத்தார். முதற்கட்டத்தில் மலை இருக்கும். அடுத்த கட்டத்தில் அதே இடத்திலே மரம் நிற்கும். மூன்றாவதிலே பகல் போய் இரவு வந்துவிடும். பூனையும் எலியும் பேசிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். உலகம் மட்டும் அவர்களைச் சுற்றி உருமாறிக்கொண்டே இருக்கும்.

நின்ற இடத்திலே நின்றபடி, தன்னைச் சுற்றியுள்ள உலகமே மாறிப்போவது எப்படியிருக்கும் என்பதை ஹெரிமன் பத்து வயதிலேயே பார்த்தவர்.

1880 ஆகஸ்ட் 22 அன்று லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலே அவர் பிறந்தார். தந்தை தையற்காரர். பாட்டனும் தையற்காரர். கிரியோல் என்று அழைக்கப்பட்ட மக்கள் அவர்கள். பிரெஞ்சு இரத்தமும் ஆப்பிரிக்க இரத்தமும் கலந்தவர்கள். தைத்தும், செருப்புச் செய்தும், கட்டடம் கட்டியும் பிழைத்தவர்கள். அடிமைத்தனம் ஒழிவதற்கு முன்பே உரிமை பெற்ற குடிகளாக வாழ்ந்த குடும்பங்கள் அவர்களிலே பல. படிப்பும் உண்டு, பண்பும் உண்டு. இருந்தென்ன? குழந்தை ஜார்ஜின் பிறப்புச் சான்றிலே நிறத்தவர் என்று எழுதினார்கள். வெள்ளையரல்லர் என்பதற்கு அந்நாட்டார் வைத்த முத்திரை அது. மை உலர்ந்தது, சான்று பெட்டிக்குள் போயிற்று. அந்தப் பெட்டி திறக்கப்படும் நாளைப் பின்னால் சொல்கிறோம்.

1865 இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. அதன் பிறகு சில ஆண்டுகளில் கறுப்பருக்கு வாக்குரிமை வந்தது; சட்டமன்றத்திலே இடமும் வந்தது. 1877 இல் நடுவண் அரசின் படை தென்மாநிலங்களை விட்டு விலகியது. அதன்பின் கொடுத்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். 1890 இல் லூசியானா ஒரு சட்டம் செய்தது. இரயிலிலே வெள்ளையருக்குத் தனிப் பெட்டி, மற்றவருக்குத் தனிப் பெட்டி. டிரெமே என்ற பகுதியிலே வாழ்ந்த கிரியோல் மக்கள் அதை எதிர்த்து எழுந்தார்கள். அவர்களிலே ஒருவர் ஹோமர் பிளெஸ்ஸி. செருப்புத் தைக்கும் தொழிலாளி. 1892 இல் வேண்டுமென்றே வெள்ளையர் பெட்டியிலே ஏறி அமர்ந்து கைதானார். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1896 இல் நீதிமன்றம் என்ன சொல்லிற்று? பிரித்து வைப்பது குற்றமில்லை என்றது! அந்தத் தீர்ப்பின் நிழல் 1954 வரை அந்நாட்டின் பள்ளிக்கூடங்களின் மேல் விழுந்து கிடந்தது.

போராடியவர்கள் போராடினார்கள். ஊரை விட்டுப் போனவர்களும் உண்டு. ஹெரிமன் குடும்பம் 1890 ஐ ஒட்டி, மேற்குக் கோடியிலே இருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. புதிய ஊர், பழைய ஊராரின் கண் எட்டாத ஊர். தோல் வெளுத்திருந்தது, பெயரைக் கேட்டால் பிறப்புத் தெரியாது. அங்கே அவர்கள் வெள்ளையராக வாழத் தொடங்கினார்கள்.

அந்நாட்டிலே ஆயிரக்கணக்கானவர்கள் இவ்வாறு கோடு தாண்டினார்கள். தாண்டுவது எளிது என்று எண்ணிவிடாதீர்கள். தாண்டியவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. பாட்டி வீட்டுக்குப் போகமுடியாது. கறுத்த தோலுடைய அத்தையோ மாமனோ தெருவிலே எதிர்ப்பட்டால் யாரோ என்று நடந்துபோக வேண்டும். ஒருவன் பிழைப்பதற்காகத் தன் சுற்றத்தையே இறந்ததாகக் கணக்கெழுத வேண்டியிருந்தது. அப்படி எழுத வைத்தவர்கள் நாகரிகத்தைப் பற்றி நாளெல்லாம் பேசினார்கள்!

லாஸ் ஏஞ்சல்ஸிலே கத்தோலிக்கப் பள்ளியொன்றில் படித்தார் ஹெரிமன். 1897 இல் உள்ளூர் நாளேடு ஒன்று அவருடைய படத்தை வாங்கிப் போட்டது. அச்சுக்குப் படம் செதுக்கும் பிரிவிலே உதவியாளாகச் சேர்ந்தார். இருபதாவது வயதிலே சரக்கு இரயிலில் தொற்றிக்கொண்டு நியூயார்க் போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். கோனித் தீவு என்ற கேளிக்கைக் கடற்கரையிலே விளம்பரப் பலகை எழுதினார். 1901 இலே அவருடைய படங்கள் இதழ்களிலும் நாளேடுகளிலும் இடம் பிடித்தன.

நாளேடுகளுக்குப் படக்கதை ஏன் தேவைப்பட்டது தெரியுமா? அன்பினாலா? கலைப்பற்றினாலா? இல்லை. கப்பல் கப்பலாக வந்திறங்கிய இத்தாலியரும் யூதரும் ஜெர்மானியரும் நியூயார்க்கின் ஆலைகளிலே வேலை செய்தார்கள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிப்பவர்கள். அவர்களிடமும் காசு இருக்கிறது. அதை வாங்கப் படம் வேண்டும். புலிட்சர் என்ற ஏட்டுமுதலாளியும் ஹெர்ஸ்ட் என்ற ஏட்டுமுதலாளியும் போட்டி போட்டுக்கொண்டு ஓவியர்களை விலை பேசினார்கள். தூண்டிலிலே மாட்டிய புழுவாகத்தான் படக்கதை பிறந்தது. ஆனால் அந்தப் புழு பட்டுப்பூச்சியாக மாறியது. மாற்றியவர்கள் உழைப்பாளிகளான ஓவியர்கள்.

1902 இல் ஹெரிமன் தம் ஊர்ப் பெண் மேபல் பிரிட்ஜை மணந்தார். மேபல் வெள்ளையர். அன்று கலிபோர்னியாவிலே கறுப்பரும் வெள்ளையரும் மணப்பது சட்டப்படி செல்லாது. 1948 வரை அந்தத் தடை நீடித்தது. நியூ ஆர்லியன்ஸ் பெட்டியிலே கிடந்த அந்தத் துண்டுத்தாள் வெளியே வந்திருந்தால், அவர்களின் மணம் மணமல்ல என்று ஆகியிருக்கும். கொலையில்லை, களவில்லை, ஒரு பெண்ணைக் காதலித்துக் கைப்பிடித்தார், அதற்கு ஒருவர் வாழ்நாளெல்லாம் அஞ்ச வேண்டியிருந்தது!

அதே 1902 இல் அவர் வரைந்த சிறு தொடர் ஒன்று மியூசிகல் மோஸ். ஒரு கறுப்பு இசைஞன் வேற்றினத்தான் வேடம் போட்டுக்கொண்டு பிழைக்கப் பார்ப்பான். வேடம் கலைந்ததும் அடிபடுவான். அந்நாளைய ஏடுகள் கறுப்பரை எப்படிக் கேலியாக வரைந்தனவோ, அந்த அச்சிலேயே இவரும் வரைந்தார். படித்தவர்கள் சிரித்தார்கள். வரைந்தவரின் நெஞ்சிலே என்ன ஓடியது என்பதை எண்ணிப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஹெர்ஸ்டின் ஏடுகளிலே வேலை. விளையாட்டுப் பக்கத்துக்கு ஓவியம். அக்காலத்திலே நாட்டையே உலுக்கியவர் ஜாக் ஜான்சன் என்ற குத்துச்சண்டை வீரர், கறுப்பர். 1908 இல் உலக வாகையர் ஆனார். வெள்ளையர் மானம் போயிற்று என்று அலறினார்கள். ஓய்வு பெற்றிருந்த ஜெப்ரிஸ் என்ற வெள்ளை வீரரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள். 1910 ஜூலை 4, நெவாடாவின் ரீனோ நகர். ஜான்சனின் கை ஓங்கியது, ஜெப்ரிஸ் வீழ்ந்தார். அன்று மாலையே பல நகரங்களிலே கலவரம். கறுப்பர்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்கள் போயின. ஜான்சனைப் பற்றிப் படம் வரைந்திருந்த ஹெரிமன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தியறையின் வெள்ளை நண்பர்களுக்கு நடுவிலே, தலையிலே தொப்பியோடு.

மூன்று வாரம் கழிந்தது. 1910 ஜூலை 26. நியூயார்க் நாளேட்டிலே டிங்பேட் குடும்பம் என்றொரு படக்கதையை அவர் வரைந்துவந்தார். மாடிவீட்டுக்காரரோடு மல்லுக்கட்டும் ஒரு குடும்பத்தின் கதை. படத்தின் அடியிலே சிறிது இடம் மிச்சம். அங்கே ஒரு குட்டி எலி, ஏதோ ஒன்றைத் தூக்கிப் பூனையின் தலையிலே எறிந்தது. பூனை கறுப்பு. எலி வெள்ளை. அதுதான் தொடக்கம்.

கீழே பிறந்தது மேலே ஏறியது. 1913 அக்டோபரிலே பூனைக்குத் தனித் தொடர் கிடைத்தது. 1916 ஏப்ரலிலே ஞாயிறு ஏட்டிலே முழுப் பக்கமும் கிடைத்தது. மேல்வீட்டுக்காரரும் மறைந்தார், கீழ்வீட்டுக்காரரும் மறைந்தார். இருவருடைய காலடியிலே கிடந்த பூனை நிலைத்தது!

எல்லாரும் கொண்டாடினார்களா என்றால், இல்லை. புரியவில்லை என்றார்கள் பலர். பத்திராதிபர்கள் பக்கத்தை விட்டுத் தூக்கப் பார்த்தார்கள். தூக்கவிடாமல் காத்தவர் ஹெர்ஸ்ட். நல்லவர் என்று நாம் சான்றிதழ் கொடுக்கக்கூடிய ஆளல்லர் அவர். 1898 இல் ஸ்பெயினோடு போர் மூட்ட ஏட்டிலே வெறியூட்டியவர். 1899 இல் தெருவிலே ஏடு விற்ற ஏழைச் சிறுவர்கள், நூறு தாள் கட்டுக்கு ஐம்பது சென்ட் இருந்ததை அறுபதாக ஏற்றிக் குறைக்க மறுத்தார்களே என்று அவரையும் புலிட்சரையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து நியூயார்க்கையே நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட முதலாளிக்கு இந்தப் பூனை பிடித்துப்போயிற்று. வாழ்நாள் முழுதும் வேலை என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். அவருக்குத் தெரியாதது ஒன்று. தம் ஏட்டின் தலைசிறந்த ஓவியர், தம் நாட்டுச் சட்டம் தனிப்பெட்டியிலே ஏற்றிய மக்களிலே ஒருவர் என்பது.

அறிஞர்கள் மெல்ல மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள். 1922 இல் ஜான் ஆல்டன் கார்பெண்டர் என்ற இசையறிஞர் பூனையின் கதையை ஆடல் நாடகமாக்கி நியூயார்க்கிலே அரங்கேற்றினார். 1924 இல் கில்பர்ட் செல்டெஸ் என்ற திறனாய்வாளர், மக்கள் கலைகளைப் பற்றிய தம் நூலிலே ஓர் இயலையே பூனைக்கு ஒதுக்கினார். கூடத்திலே தொங்கும் ஓவியத்துக்கும், கூலிக்காரன் காசு கொடுத்து வாங்கும் ஏட்டின் ஓவியத்துக்கும் ஒரே தராசு பிடித்தவர் அவர். அந்தத் துணிவை நாம் பாராட்டுகிறோம்.

இந்தப் புகழுக்கு நடுவிலே ஹெரிமன் எப்படி இருந்தார்? கூச்சப்படுவார். கூட்டத்தை விட்டு ஒதுங்குவார். நாயும் பூனையும் வளர்ப்பார். புகைப்படங்களிலே பாருங்கள், பெரும்பாலும் தொப்பி இருக்கும். வீட்டுக்குள்ளும் தொப்பி, வேலையிலும் தொப்பி. சுருள்முடி வெளியே தெரியாமல் காத்த காவற்காரன் அந்தத் தொப்பி என்று அவர் வாழ்வை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். நண்பர்கள் அவரைக் கிரேக்கர் என்று அழைத்தார்கள்; பிரெஞ்சுக்காரர் என்றும் சொன்னார்கள். அவர் மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. 1922 இல் மீண்டும் லாஸ் ஏஞ்சல்ஸிலே குடியேறினார். ஹாலிவுட்டின் குன்றுப் பகுதியிலே வீடு கட்டிக்கொண்டார். அந்நகரின் பல குடியிருப்புகளிலே, கறுப்பருக்கு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த காலம் அது.

நேரம் கிடைத்தால் பாலைக்குப் போவார். அரிசோனாவின் கயெண்டா, மானுமெண்ட் பள்ளத்தாக்கு, நவஹோ மக்கள் வாழும் நிலம். அவர்களுடைய நெசவிலும் மட்பாண்டத்திலும் இருந்த கோலங்களைத் தம் படங்களிலே ஏற்றினார். பூனை பேசிய மொழியும் அப்படித்தான். ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் ஸ்பானிஷும் யூதர்களின் தெருப்பேச்சும் கலந்த மொழி. இலக்கணக்காரர் முகஞ்சுளிக்கும் மொழி. பலவினத்தார் உழைத்து வாழ்ந்த துறைமுகத் தெருக்களின் மொழி.

வாயால் சொல்ல முடியாததை அவர் தூரிகையால் சொன்னார். ஒரு கதையிலே பூனை அழகு நிலையத்துக்குள் போகிறது. வெள்ளைவெளேரென்று வெளியே வருகிறது. கல்லெறிந்த அதே எலி அதைக் கண்டு மயங்குகிறது, காதல் பேசுகிறது! உள்ளே இருப்பது பழைய கறுப்புப் பூனை என்று தெரிந்ததும் செங்கல் பறக்கிறது. இன்னொரு கதையிலே எலி கரிபடிந்து கறுப்பாகிவிடுகிறது. நாள்தோறும் எலியின் பெயரைச் சொல்லி உருகும் பூனையே அதை யாரோ என்று தள்ளிவிடுகிறது! எலி அதே எலி. பூனை அதே பூனை. மாறியது மேற்பூச்சு. மேற்பூச்சு மாறினால் காதல் வெறுப்பாகிறது, வெறுப்பு காதலாகிறது. இதைவிடத் தெளிவாக ஒருவர் மேடை போட்டுச் சொல்லமுடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலையிலே கோடுகளால் சொன்னார். சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்கள்.

நம் தோழர்களிலே சிலர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்; கேட்கத்தான் வேண்டும். செங்கல்லால் அடித்தவனைக் காதலன் என்று கொஞ்சுகிறதே பூனை, இது அடிமைப்புத்தி அல்லவா? அடித்த கையை முத்தமிடச் சொல்லும் பாடமல்லவா?

நாம் அப்படி எண்ணவில்லை. படத்தை மீண்டும் பாருங்கள். எலி எதற்காகக் கல் எறிகிறது? பூனையை அழவைக்க. முப்பது ஆண்டு எறிந்தும் அந்த ஒன்று மட்டும் நடக்கவில்லை! கல் தேடி அலைவது எலி, காசு கொடுத்துக் கல் வாங்குவது எலி, சிறையிலே கிடப்பதும் எலி. வெறுப்பைச் சுமந்தவனுக்கு ஒரு நாளாவது நிம்மதி உண்டா? பூனையோ பாடிக்கொண்டு போகிறது. தன்னை இழிவுபடுத்த எறிந்த பொருளுக்கு என்ன பொருள் என்பதை எறிந்தவன் தீர்மானிக்கக்கூடாது, நானே தீர்மானிப்பேன் என்கிறது அந்தக் கறுப்புப் பூனை. அதுவும் ஒருவகைத் தன்மானம்தான்.

ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொண்டவர்கள் ஆவோம். காகிதப் பூனைக்கு மண்டை உடையாது, மனிதனுக்கு உடையும். ஹெரிமன் பூனையைச் சிரிக்க வைத்தார். தாம் தொப்பியைக் கழற்றத் துணியவில்லை. அவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. கழற்றியிருந்தால் வேலை போயிருக்கும், வீடு போயிருக்கும், மணமே செல்லாதென்றாகியிருக்கும். வெட்கப்பட வேண்டியவர் மறைத்தவரா, மறைக்க வைத்தவர்களா? பூனை செங்கல்லை மலராக எண்ணட்டும், அது கலை. செங்கல் எறியும் கையைத் தடுப்பது அரசியல். இரண்டும் வேண்டும். பிளெஸ்ஸி இரயில் பெட்டியிலே செய்ததும், ஹெரிமன் படப்பெட்டியிலே செய்ததும் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே கொடுமைக்குக் கொடுத்த இரண்டு பதில்கள்.

பிற்காலம் துன்பம் நிறைந்தது. 1931 இல் மேபல் மறைந்தார், மோட்டார் விபத்திலே. 1939 இல் இளைய மகள் மறைந்தார். உடல் நலிந்தது. பூனையை வெளியிட்ட ஏடுகளும் குறைந்துகொண்டே வந்தன. ஆனால் 1935 முதல் ஞாயிறு பக்கம் வண்ணத்திலே வந்தபோது, அந்த நொந்த மனிதரின் கையிலிருந்து செம்மண்ணும் நீலவானும் எப்படிப் பொங்கி வந்தன! சோகத்தை வீட்டிலே வைத்துக்கொண்டு சிரிப்பை ஏட்டுக்கு அனுப்பினார்.

1944 ஏப்ரல் 25 அன்று உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது அறுபத்துமூன்று. வரைபலகையிலே முடியாத படங்கள் கிடந்தன. இறப்புச் சான்றிலே வெள்ளையர் என்று எழுதினார்கள். சாம்பலை அவர் விரும்பிய பாலைநிலத்திலே, மானுமெண்ட் பள்ளத்தாக்கின்மேல் தூவினார்கள். பிறப்பிலே ஒரு முத்திரை, இறப்பிலே வேறொரு முத்திரை. செம்மண்ணோடு கலந்த சாம்பலுக்கு எந்த நிறம்?

முன்பே வரைந்து அனுப்பியிருந்த கடைசிப் பக்கம் 1944 ஜூன் 25 அன்று வெளிவந்தது. நீரிலே மூழ்கிய பூனையை நாய் தூக்கிக்கொண்டு வருகிறது. அதோடு முற்றிற்று. படக்கதை ஓவியர் இறந்தால் வேறொருவரை அமர்த்தித் தொடருவது அந்தத் தொழிலின் வழக்கம். பொம்மை முதலாளியின் சொத்தல்லவா! இந்தப் பூனைக்கு அப்படி ஆள் வைக்கவில்லை. ஹெரிமன் இல்லாமல் பூனை இல்லை என்பதை முதலாளியுலகமே ஒப்புக்கொண்டது.

1946 இல் படங்கள் நூலாக வந்தன. அந்தப் படங்களைக் கற்று வளர்ந்தவர் சார்லஸ் ஷுல்ஸ். 1950 முதல் 2000 வரை பீநட்ஸ் என்னும் படக்கதையை வரைந்து உலகம் சுற்றவைத்தவர். கால்வின், ஹாப்ஸ் என்ற சிறுவனையும் புலியையும் படைத்த பில் வாட்டர்சனும் ஹெரிமனைத் தம் முன்னோடியாகப் போற்றினார். 1999 இல் படக்கதைத் திறனாய்வு இதழொன்று நூற்றாண்டின் சிறந்த நூறு படைப்புகளை வரிசைப்படுத்தியபோது, முதலிடம் பித்துப் பூனைக்கு!

இதற்கிடையே பெட்டி திறந்தது. 1971 இல் ஆர்தர் ஆசா பெர்கர் என்ற பேராசிரியர் ஹெரிமனைப் பற்றி வாழ்க்கைக் குறிப்பு எழுதுவதற்காக நியூ ஆர்லியன்ஸ் பதிவுகளைக் கேட்டு வாங்கினார். வந்தது பிறப்புச் சான்று. நிறத்தவர் என்றிருந்தது. தொண்ணூறு ஆண்டு உறங்கிய தாள் பேசியது! மறு ஆண்டே, 1972 இல், கறுப்பின எழுத்தாளர் இஷ்மாயில் ரீட் தம் புதினம் ஒன்றை ஹெரிமனுக்குக் காணிக்கையாக்கினார். அவரைத் தம் மக்களில் ஒருவர் என்று உரிமையோடு அழைத்து. பிரிந்துபோன பிள்ளையைச் சுற்றத்தார் வாசலிலே நின்று வரவேற்றது போன்றது அது. 2016 இல் மைக்கேல் டிஸ்ஸரண்ட் என்ற நியூ ஆர்லியன்ஸ் எழுத்தாளர் முழு வரலாற்றையும் பெருநூலாக எழுதினார்.

அந்தத் தாள் 1902 இலோ 1910 இலோ வெளிவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரிய நாளேட்டின் ஓவியர் நாற்காலி கிடைத்திருக்காது. பித்துப் பூனை பிறந்திருக்காது. உலகம் இன்று தலையிலே வைத்துக் கூத்தாடும் கலை, ஒரு குமாஸ்தா எழுதிய ஒற்றைச் சொல்லின் கீழே நசுங்கியிருக்கும். மறைத்ததனால் தப்பியது ஒன்று. மறைக்க முடியாத கறுத்த தோலோடு பிறந்ததனால் வரையாமலே போன கைகள் எத்தனை? எழுதாமலே போன ஏடுகள் எத்தனை? அந்தக் கணக்கை யார் தருவார்?

பூனை ஏன் வாழ்கிறது என்று கேட்டோம். இதனால்தான் வாழ்கிறது. சிரிக்க வைப்பதற்காக மட்டும் பிறந்த சிரிப்பு மறுநாளே செத்துவிடும். அடிபட்டவன் உள்ளேயிருந்து பிறந்த சிரிப்பு, அடிக்கிறவர் இருக்கும் வரையிலும் வாழும். அடி நின்ற பிறகும் நினைவாக நிற்கும். பிறப்பைக் கேட்டுப் பிறகு மனிதனை அளக்கும் வழக்கம் எங்கெங்கே உண்டோ, அங்கெல்லாம் அந்தச் செங்கல் இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கிறது.

ஹெரிமனின் தொப்பிக்கு நாம் தலை வணங்குகிறோம். தலையை மறைக்கத் தொப்பி தேடவேண்டிய நிலை எந்த மனிதனுக்கும் வராத நாளுக்காக உழைப்போம்.